டிஸ்கவர் பாஸ்: எட்டாவது வருடத்தில் ஒரு புலம்பல்

கூட வேலை பார்க்கும் நண்பர் பாதி விலைக்கு மலைச் சைக்கிள் வாங்கிவிட்டார். கொரோனா காலத்தில் கேட்ட விலை கொடுத்தாலும் கிடைக்காத வண்டிகள் இப்போது தள்ளுபடிச் சீட்டோடு கடையில் நிற்கின்றன. அவர் செய்ததில் தப்பில்லை. அப்புறம் என்னிடம் வந்து, "டிஸ்கவர் பாஸ் வருஷத்துக்கு 45 டாலர் ஆயிடுச்சாமே, வாங்கலாமா?" என்று கேட்டார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பூங்காக்களிலும் மாநிலக் காடுகளிலும் காரை நிறுத்தத் தேவையான அனுமதி அட்டை அது.

கேட்ட நாள்தான் சரியில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சைக்கிளைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் கண்ணாடியைப் பார்த்தால், அங்கே தொங்க வேண்டிய பாஸ் இல்லை. அது மனைவியின் காரில் இருந்தது. மனைவி அந்தக் காரோடு மகனின் நீச்சல் வகுப்பில் இருந்தார். வருடப் பாஸ் வைத்திருப்பவன், வழியில் ஒரு கடையில் நின்று, பத்து டாலரோடு கடைக்காரரின் கமிஷனும் சேர்த்துக் கொடுத்து ஒருநாள் பாஸ் வாங்கினேன். இது முதல் முறை இல்லை. நான்காவது.

இங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பாஸைப் பற்றி அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. 2011 ஜூலையில் வந்தது. அன்றிலிருந்து 30 டாலராகவே இருந்து, 2025 அக்டோபரில் 45 ஆனது. ஒருநாளுக்கு 10 டாலர். ஐந்தாவது முறை காட்டுக்குப் போகும்போதே போட்ட காசு திரும்பிவிடும். கணக்கு அவ்வளவுதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. என் தகராறு அந்த அட்டையோடு. அதில் இரண்டு வண்டி எண்கள் எழுத இடம் இருக்கிறது. தாராள மனசு என்று முதல் வருடம் மகிழ்ந்து இரண்டு காரின் எண்களையும் எழுதினேன். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் செல்லும், அட்டையும் ஒன்றுதான். ஒரு குடும்பத்தில் இரண்டு கார், ஒரு அட்டை என்றால் அது எப்போதும் எந்தக் காரில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சைக்கிள் மாட்டாத காரில்தான். ஞாபக மறதி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எட்டு வருடமாக ஒரு காகிதத்தின் பின்னால் அலைபவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

நான் இதை வாங்கத் தொடங்கிய கதையும் ஒன்றும் பெருமைக்குரியதல்ல. 2018 ஏப்ரல் 22, புவி தினம். அன்று பாஸ் தேவையில்லை, இலவச நாள் என்று கேள்விப்பட்டு, சியாட்டில் பக்கத்திலுள்ள டைகர் மலைக்குப் போனேன். மூன்று மணி நேரம் கழித்துச் சேற்றில் குளித்துத் திரும்பினால், கண்ணாடியில் 99 டாலர் அபராதச் சீட்டு. இலவச நாள் மாநிலப் பூங்காக்களுக்கு மட்டும்தான். டைகர் மலை மாநிலப் பூங்கா இல்லை, மாநில வனம். அதைப் பார்ப்பது இயற்கை வளத் துறை. அங்கே அன்றும் பாஸ் வேண்டும். அதைத் தெளிவாகவே எழுதி வைத்திருந்தார்கள், நான்தான் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன். பதினைந்து நாளுக்குள் வருடப் பாஸ் வாங்கியதற்குச் சான்று காட்டினால் அபராதம் 59 ஆகக் குறையும் என்று பிறகு தெரிந்தது. இப்படித்தான் சந்தாதாரன் ஆனேன்.

கோபத்தில் ஒருநாள் உட்கார்ந்து, இந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தேன். சட்டம் கொண்டுவந்தபோது போட்ட பங்கீடு இது: ஒவ்வொரு ஈராண்டு பட்ஜெட்டிலும் வரும் முதல் 71 மில்லியன் டாலரில் 84 சதவீதம் பூங்காக்களுக்கு, 8 சதவீதம் மீன்-வனவிலங்குத் துறைக்கு, மீதி 8 இயற்கை வளத் துறைக்கு. நான் பூங்காவுக்கு வருடத்தில் ஒருமுறை போனால் அதிகம். நாற்பது வாரம் போவது அந்த 8 சதவீதக்காரரின் காட்டுக்கு. கூடாரம் அடிப்பவர்கள், கழிப்பறை, படகுத்துறை என்று பூங்காக்களுக்குச் செலவு அதிகம், புரிகிறது. இருந்தாலும் என் முப்பது டாலரில் என் சேற்றுக்கு வந்தது இரண்டரை டாலர்கூட இல்லை.

சரி, அந்த இரண்டரை டாலருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐ-90 விரைவுச்சாலையிலிருந்து 18ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பி மேட்டில் ஏறினால், உச்சியில் கார் நிறுத்தம். அங்கிருந்தே மாஸ்டர் லிங்க் என்ற சைக்கிள் பாதையின் ஏற்றம் தொடங்கிவிடும். முதல் வருடம் நான் அதில் மிதித்ததைவிட, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம். வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதை. இருபுறமும் இடுப்பளவுப் பெரணி, அதற்கு மேல் டக்ளஸ் ஃபிர் மரங்கள். நவம்பரில் மேகம் தரைக்கு வந்துவிடும். முன்னால் போகிறவரின் டயர் சத்தம் மட்டும் கேட்கும். வாழைப்பழம் அளவுக்கு ஒரு நத்தை, ஓடு இல்லாதது, அவசரமே இல்லாமல் பாதையைக் கடக்கும். அதற்காகப் பிரேக் பிடித்து ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

இந்தக் காட்டின் உண்மையான எதிரி வேர்தான். மழையில் நனைந்த செடார் வேரின் மேல் டயர் சாய்வாகப் பட்டால் சோப்பில் வைத்த கால் மாதிரி போய்விடும். அதைப் படிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது: வேரைக் கடக்கும்போது பிரேக்கில் கை வைக்கக் கூடாது, நேராகக் கடக்க வேண்டும், கண் வேரில் இருக்கவே கூடாது. பிரெஸ்டன் ரயில்ரோடு பாதை அந்தக் காலத்தில் மரம் இழுத்த ரயில் போன தடம். இப்போது கல்லும் வேரும் மட்டும்தான் மிச்சம். அக்டோபர் நடுவில் மூடி ஏப்ரல் நடுவில் திறப்பார்கள். திறந்த முதல் வாரம் அதில் இறங்கிவிட்டு வந்தால் இரண்டு நாளைக்கு விரல் மடங்காது. காலையிலிருந்தே அலுவலகத்தில் சிரித்த முகமாக இருப்பேன் என்று மேலாளர் சொல்வார்.

அம்மா வந்திருந்தபோது, சைக்கிள் ஏற முடியாத மேற்குப் பக்கத்துக்கு நடந்து போகலாம் என்று "பூபூ பாயிண்ட் போகலாமா?" என்றேன். என்ன பூ என்று கேட்டார். பூவெல்லாம் இல்லை, முன்பு மரம் வெட்டுகிறவர்கள் ஊதிய விசில் சத்தம்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். "அதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். மேலே போனபோது பாராகிளைடர்காரர்கள் ஒவ்வொருவராக ஓடிக் குதித்தார்கள். அரை மணி நேரம் அம்மா அசையவில்லை.

அந்த விசில் இன்னும் முடிந்த கதை இல்லை. டைகர் மலைக் காடு மாநில அரசு பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை நிலம். மரம் வெட்டி விற்கும் வருமானத்தில் பள்ளிக் கட்டடங்கள் கட்டுகிறார்கள். அதனால் நாம் ஆசையாகப் போகும் பாதைக்கு நடுவே ஒருநாள் 'மூடப்பட்டது' பலகை நிற்கும். சில மாதம் கழித்துப் போனால் காடு இருந்த இடத்தில் அடிமரங்களும் வெளிச்சமும். முதலில் வயிறு எரிந்தது. பிறகு பார்த்தால், அதுவரை மரம் மறைத்திருந்த ரெய்னியர் மலை முழுசாகத் தெரிந்தது. இதற்கு என்ன முகம் காட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

இன்னொன்றையும் நண்பரிடம் சொன்னேன். பாதையைச் சீர் செய்வதில் பெரும் பங்கு எவர்கிரீன் என்ற சைக்கிள்காரர் சங்கத் தன்னார்வலர்களுடையது, 1989இலிருந்து இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை நானும் மண்வெட்டியோடு போனேன். தண்ணீர் பாதையிலேயே ஓடாமல் சரிவுக்கு ஒதுங்க மண்ணை வெட்டிச் சாய்ப்பதுதான் வேலையின் முக்கால்வாசி. அவர்கள் போட்ட டூத்தி ஹில் பக்கத்திலேயே இருக்கிறது. அது மாவட்டப் பூங்கா, பாஸே வேண்டாம், புதியவர்களுக்கு அதுதான் சரியான இடம். அதேபோல், கூட்டாட்சி அரசின் தேசிய வனத்துக்கு டிஸ்கவர் பாஸ் செல்லாது, அதற்குத் தனி அட்டை. இரண்டையும் கண்ணாடியில் தொங்கவிட்டால் கார் கோயில் தேர் மாதிரி ஆடிக்கொண்டு போகும்.

நூலகத்தில் இந்தப் பாஸை இரவல் வாங்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. கட்டணம் மோட்டார் வண்டிக்குத்தான், ஆளுக்கில்லை. சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தால் ஒரு காசு கிடையாது. 18ஆம் எண் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஏறிப்போக மனம் இருந்தால்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், காட்டுக்கு ஐந்து, அட்டைக்கு இரண்டு. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் மூன்றரை சொல்லியிருப்பேன். நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் மழைக்காலத்தைத் தாண்டுகிறாரா என்று பார்ப்போம். அதுவரை என்னோடு வரட்டும். இந்த வாரம் ஆறரைக்குக் கிளம்புகிறோம், என் காரில். அவர் வண்டி எண் அட்டையில் இல்லை. அட்டை மனைவியின் காரில் இருக்கிறது, இன்று ராத்திரியே எடுத்து வைக்க வேண்டும்.