எஸ்ஜே 413க்கு 4.16 லோ கியர் செட்: மலையகப் பாதைக்கு எடுபடுமா?

சுசுகி எஸ்ஜே 413 ஜீப்பின் ட்ரான்ஸ்பர் கேஸில் (கியர் பொக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) கம்பனி போட்ட லோ விகிதம், அதாவது கரடுமுரடான பாதைக்கான மெதுவான கியரின் விகிதம், 2.268. முதல் கியர் 3.652, அச்சின் நடுவில் இருக்கும் டிஃப் (டிஃபரன்ஷியல்) 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 31. அதாவது என்ஜின் 31 சுற்று சுற்றினால்தான் சில்லு ஒரு சுற்று சுற்றும். 28 அங்குல டயர் போட்ட வண்டி, ஆக்ஸிலேட்டரைத் தொடாத 800 ஆர்பிஎம் ஐட்லில் மணிக்கு 3.5 கிலோமீற்றர் நகரும். தோட்டத்து உடைந்த ரோட்டுக்கு இது தாராளம். ஆனால் முழங்கால் உயரக் கல்லில் சில்லை வைத்து ஏற்றி இறக்க இந்த வேகம் அதிகம். ஓட்டுபவர் கிளச்சை அரைமிதியில் வைத்தே சமாளிப்பார், தட்டு கருகும்.

அந்த 2.268க்குப் பதிலாக 4.16 லோ கியர் செட் போட்டால் மொத்த விகிதம் 57க்கு அருகே போகிறது. அதே ஐட்லில் வேகம் 1.9 கிலோமீற்றர். 4.9 போட்டால் 67, 6.5 போட்டால் 88. எண்ணைப் பார்த்து 6.5க்கு ஆசைப்படுபவர்கள் அதிகம். நம்ம மழைக்கு அது தேவையில்லாத ஆசை. நக்கிள்ஸ் மலைத்தொடர் பக்கத்துப் பாதைகளில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வழுக்கும் களி இருக்கும். டயரின் பள்ளங்களில் ஒட்டிய களியை உதறிவிட சில்லு கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். 6.5இல் மூன்றாம் கியருக்குப் போனால்தான் பழைய முதல் கியரின் வேகம் கிட்டும். 4.16இல் அதை இரண்டாம் கியரே தந்துவிடுகிறது: 1.947ஐ 4.16ஆலும் 3.727ஆலும் பெருக்கினால் 30. கல்லுக்கு முதல் கியர், களிக்கு இரண்டாம் கியர், கைக்கும் குழப்பமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு 4.16க்கு.

இன்னொரு பலன் இறக்கத்தில். ஈரக் கல்லில் பிரேக் மிதித்தால் சில்லு பூட்டி வண்டி பக்கவாட்டில் சறுக்கும். கீழ் விகிதம் என்ஜினாலேயே பிடித்து இறக்கும், பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. ஏற்றத்தில் நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்து மெல்லிய காற்றில் 1.3 லிட்டர் கார்பரேட்டர் என்ஜின் தளர்ந்து போகும். அந்தக் குறையையும் இதே கியர் மூடிவிடும்.

பிரச்சினை கியருக்குப் பின்னால் இருக்கிறது. சில்லுக்குப் போகும் முறுக்கு 83 சதவீதம் கூடுகிறது. முன் சில்லு திரும்பும்போதும் விசையைக் கொண்டுபோகும் பேர்ஃபீல்ட் மூட்டு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, சில்லு கல்லில் இறுகி நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அந்த மூட்டு உடையும். முதலில் ஸ்டீயரிங்கை நேராக்கி, பிறகு மிதிக்க வேண்டும். ட்ரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டும் பழையதாக இருந்தால் கிழியும், கேஸே முறுகும். அப்போது லோ கியர் கழன்று நியூட்ரலுக்குத் துள்ளும். இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செட் வாங்கும் காசோடு புது மவுண்டுக்கும் ஒதுக்காதவர் செட்டையே வாங்க வேண்டாம்.

பொருத்துவதில் ஒரு வசதி உண்டு. எஸ்ஜேயில் ட்ரான்ஸ்பர் கேஸ் கியர் பொக்ஸிலிருந்து தனியாக, குட்டி ஷாஃப்ட் ஒன்றால் இணைந்திருக்கிறது. எண்ணெயை வடித்து, மூன்று ஷாஃப்டையும் ஸ்பீடோ கேபிளையும் லீவரையும் கழற்றினால் கேஸ் கீழே வந்துவிடும்; கியர் பொக்ஸைத் தொட வேண்டாம். திறந்த கையோடு பேரிங், சீல், காஸ்கெட் முழுவதையும் மாற்றிவிடுங்கள், ஷிஃப்ட் ஃபோர்க் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸை மூடுமுன் கையால் சுற்றி, பெரிய கியர் உட்சுவரில் உரசுகிறதா என்று கவனியுங்கள். உரசினால் கிரைண்ட் செய்து, தூளை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்த பிறகே மூடவேண்டும். மிச்சத் தூள் புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். ஓடி 500 கிலோமீற்றரில் முதல் எண்ணெயை மாற்றுங்கள்.

காசு இடிக்கிறதா? பழைய எஸ்ஜே 410இன் ட்ரான்ஸ்பர் கேஸைக் கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடலாம். லோ 2.511, சாதாரண ரோட்டுக்கான ஹை 1.58; இரண்டு விகிதமும் 413இல் இருப்பதைவிட பத்து சதவீதத்துக்குச் சற்று மேலே கூடும். கல்லேற்றத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, பெரிய டயர் போட்ட வண்டி ஹட்டன் ஏற்றத்தில் திணறாமல் போகும், அவ்வளவுதான். வாங்குமுன் பிளாஞ்ச் (ஷாஃப்டைப் பூட்டும் வட்டத் தகடு) துளைகள் உங்கள் ஷாஃப்டுக்குப் பொருந்துமா என்று அளந்து பாருங்கள்.