அடுத்த வண்டி எங்கே வருகிறது என்று சொல்லிவிடுங்கள்

இந்த முறை லண்டனிலிருந்து சென்னைக்குப் போனபோது கார் எதுவும் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. அம்மா வீடு குரோம்பேட்டையில், அம்மாவின் கண் சிகிச்சை எழும்பூரில், எனக்கு இருந்த பத்திர வேலையும் வங்கி வேலையும் பாரிமுனையில். எல்லாமே கடற்கரை–தாம்பரம் பாதையில் வந்துவிட்டதால் மின்சார ரயிலிலேயே போய் வந்தேன், அதுவும் பெரும்பாலும் காலை நெரிசலில். லண்டனில் பல வருஷமாக ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன், தாமதம் எனக்குப் புதிதில்லை. ஆனால் வண்டி தாமதமானால் அது யார் தலையில் விடிகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது இப்போதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1931இல் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய பாதை இது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு இன்றைக்கும் 10 ரூபாய்தான். மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆட்களுக்கு அது கிடையாது, ஜிஎஸ்டி ரோட்டின் காலை நேரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக இந்த வண்டி ஓடினால்தான் அந்தப் பக்கத்துப் பிழைப்பு ஓடும். பராமரிப்புக்கும் விரிவாக்கத்துக்கும் வண்டிகளை நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்குக் குறையே இல்லை. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காகப் வேளச்சேரிப் பறக்கும் ரயில் 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கு வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது, ஏழு மாதத்தில் முடியும் என்று சொன்ன வேலை அதைப் போல இரண்டு மடங்கு இழுத்தது, ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் விடுவதுதான் கொடுமை.

ஒரு திங்கட்கிழமை குரோம்பேட்டையில் நின்றுகொண்டிருந்தேன். எட்டரை தாண்டிவிட்டது, கடற்கரை வண்டி வரவில்லை. ஒலிபெருக்கியில் 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஆரம்பித்து வேறு ஏதோ எக்ஸ்பிரஸைப் பற்றிச் சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. எங்கள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற அக்கா தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். நடைமேடைக் கூட்டத்தைப் போனில் படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பினார், எதற்கு என்று கேட்டேன். "ட்ரெயின் லேட்டுனு வாயில சொன்னா நம்ப மாட்டாங்க. பத்து மணி தாண்டினா அரை நாள் சம்பளம் போயிடும்" என்றார். படத்தைக் காட்டினாலும் சில நாள் பிடித்துவிடுவார்களாம். கால் மணி நேரத் தாமதம் அவருக்கு அரை நாள் கூலி. மாதச் சம்பளக்காரர் அதே கால் மணி நேரத்தைச் சாயங்காலம் கூட உட்கார்ந்து ஈடு கட்டிவிடுவார், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஒருவழியாக வண்டி வந்தது, கதவே தெரியாத அளவுக்கு ஆள். இருந்தும் பாதிப்பேர் முண்டியடித்து ஏறினார்கள், பையன்கள் படியில் தொங்கினார்கள், பெண்கள் பெட்டியில் ஒரு அம்மாவின் பை வெளியே மாட்டிக்கொண்டு இரண்டு பேர் இழுத்துவிட்டார்கள். நான் ஏறவில்லை. அது போய் நாலைந்து நிமிஷத்தில் இன்னொரு வண்டி வந்தது, நிம்மதியாக நிற்க இடம் இருந்தது.

இதற்குக் காரணம் ரொம்ப எளிது. முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தாமதமானால் ஒவ்வொரு நிலையத்திலும் அதற்குக் கூட்டம் கூடிக்கொண்டே போகும், ஏறி இறங்க நேரம் கூடும், அதனால் இன்னும் தாமதமாகும், அதற்குள் பின்னால் வருகிற வண்டி காலியாக நெருங்கிவிடும். பின்னால் வருவது எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். "அடுத்த வண்டி தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது, அதில் வாருங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பையன்களில் பாதிப்பேராவது தொங்கியிருக்க மாட்டார்கள். 2018 ஜூலையில் உயர்மின் கம்பி அறுந்து வண்டிகள் தாமதமாகி, நெரிசலோடு போன ஒரு வண்டியை வேறு பாதையில் விட்டபோது, பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கியவர்கள் சுவரில் அடிபட்டுக் குறைந்தது நான்கு பேர் இறந்துபோனார்கள். தாமதம் என்றால் நேரம்தானே போகிறது என்று அதற்குப் பிறகும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2025 ஏப்ரலிலிருந்து ஓடுகிற ஏசி வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானியங்கிக் கதவு, மூடினால்தான் நகரும், தொங்க வழியே இல்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் சாதாரண வண்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய் என்றால் இதற்கு 35, கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு 105. சாதாரண வண்டி தாமதமாகி ஏசி வண்டி முன்னால் வந்துவிட்டால், சீசன் டிக்கெட்டோடு நிற்கிற கூட்டம் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த மாதிரி நேரத்தில் மட்டுமாவது சாதாரண சீசன் வைத்திருப்பவர்களை அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

சரி, ஊழியர்கள் பக்கம் வருகிறேன், அதைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைத்தேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற மோட்டார்மேன், அதாவது மின்சார ரயில் ஓட்டுநர், ஒருவர் இருக்கிறார், சின்ன வயதிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே ஏன் மாமா இப்படி நின்று நின்று ஊர்கிறது என்று கேட்டேன். "தானியங்கி சிக்னல் சிவப்புல இருந்தா பகல்ல ஒரு நிமிஷம், ராத்திரில ரெண்டு நிமிஷம் நிக்கணும் தம்பி. அப்புறமும் ஊர்ந்துதான் போகணும், முன்னாடி எது நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? உள்ள இருக்குறவன் திட்டுறது காதுல விழும். அதுக்காக நிக்க வேண்டிய சிக்னலைத் தாண்டினா வேலைக்கே வேட்டு" என்றார். வண்டி ஓடும்போது ஓட்டுகிறவர் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கையை விட்டால் பிரேக் விழுந்துவிடும். கடைசி நிலையத்தில் இறங்கி, 12 பெட்டி நீளத்தையும் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும். அங்கே கிடைக்கிற பத்து நிமிஷத்தில்தான் தண்ணீர், கழிவறை எல்லாம். வண்டி எட்டு நிமிஷம் தாமதமாக வந்தால் அந்தப் பத்து இரண்டாகிவிடும். மின்சார வண்டியில் கழிவறை கிடையாது, ஓட்டுகிறவருக்கும் கிடையாது. பெண்களும் இந்த வேலைக்கு வந்துவிட்ட காலத்தில் இதை இன்னும் இப்படியே வைத்திருப்பது நியாயமில்லை.

தண்டவாளத்தில் ஆள் அடிபட்ட நாட்களைப் பற்றி மாமா ஒரே ஒரு வரிதான் சொன்னார். அதன் பிறகும் அந்த வண்டியை அவரேதான் கடைசி நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்ததாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை 46 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று ரயில் ஓட்டுகிற லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் போராடியபோது அதைச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோனவர்கள் பலர், இவர் பேச்சைக் கேட்டால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற அசதி புரியும்.

இன்னொரு நாள் சாயங்காலம் மாம்பலம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தவர்கள் குதித்து இறங்கி, கடைசிப் பெட்டியில் இருந்த கார்டைச் சூழ்ந்துகொண்டு சத்தம் போட்டார்கள். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். கையில் இருந்த வாக்கி டாக்கியை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "வெயிட் பண்ணுங்க, சொல்றோம்" என்கிற குரல் மட்டும் வந்தது. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். அதற்குள் நிறையப் பேர் தண்டவாளத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் எதிர்ப் பாதையில் வந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே தவழ்ந்து வந்தது, ஒரு வண்டியின் தாமதம் இரண்டாயிற்று. உள்ளே இருந்த எங்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது சொல்லியிருந்தால் அத்தனை பேர் இறங்கியிருக்க மாட்டார்கள்.

லண்டனில் வண்டி 15 நிமிஷமோ அரை மணியோ தாமதமானால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். 10 ரூபாய் டிக்கெட்டில் அப்படிப் பணம் கேட்கச் சொல்லவில்லை, அதில் அந்தத் துணிக்கடை அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்கு வேண்டியது, வண்டி எவ்வளவு தாமதம் என்று ரயில்வேயே உறுதி செய்து தருகிற ஒரு குறுஞ்செய்தி, முதலாளியிடம் காட்ட. கார்டுக்கு வேண்டியது, நின்ற மூன்றாவது நிமிஷத்தில் காரணமும் உத்தேச நேரமும், பயணிகளிடம் மைக்கில் சொல்ல. நடைமேடைக்கு வேண்டியது, பின்னால் வருகிற வண்டி எந்த நிலையத்தில் இருக்கிறது என்று காட்டுகிற ஒரு பலகை. புதிதாகத் தண்டவாளம் போடத் தேவையில்லை, கையில் இருக்கிற தகவலை வெளியே விட்டால் போதும்.

ரயில்வேயின் 139 எண்ணில் இதைக் கோரிக்கையாகப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்து போகிற ஒருவர் சொல்வதைவிட, தினமும் இந்தப் பாதையில் போகிறவர்கள் அவரவர் நிலையத்தின் பெயரைச் சொல்லி, எந்த நடைமேடையில் அறிவிப்பு கேட்பதில்லை, எந்தப் பலகை எரிவதில்லை என்று குறிப்பாகப் பதிவு செய்தால் பலன் அதிகம்.