குழந்தைகளின் பயணப் பெட்டிகள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

குழந்தைகளுக்கான பயணப் பெட்டிகளில் பெரும்பாலானவை படத்தை முன்னிறுத்தியே விற்கப்படுகின்றன. யூனிகார்ன், டைனோசர், பந்தயக் கார், விண்வெளி வீரர் என்று முன்பக்கம் முழுக்க அச்சிட்ட படம்தான் பிள்ளையின் கண்ணில் முதலில் படுகிறது. பெற்றோரும் அதைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். எங்கள் மகளும் மகனும் நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து, சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு ரயிலிலும், அவ்வப்போது டெல்லிக்கும் பெங்களூருக்கும் விமானத்திலும், கோடை விடுமுறையில் உறவினர் வீடுகளுக்குப் பேருந்திலும் நாங்கள் கொண்டுபோன பெட்டிகளையும் பைகளையும் வைத்தே இதை எழுதுகிறேன். ஒரு குழந்தைப் பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சக்கரமும் கைப்பிடியும் ஜிப்பும் தீர்மானிக்கின்றன. பிள்ளை அதை எத்தனை ஆண்டு விரும்பும் என்பது, பெரியவர் உதவியில்லாமல் அதைத் தானே இழுக்கவும் திறக்கவும் மூடவும் முடிகிறதா என்பதைப் பொறுத்திருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்துவிட்ட பிறகு படத்துக்கு வருவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பெட்டியின் வெளி ஓடு பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடினப் பெட்டிகள் பொதுவாக ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட், பாலிபுரொப்பிலீன் என்ற மூன்று பிளாஸ்டிக்குகளில் ஒன்றாலோ, முதல் இரண்டையும் சேர்த்தோ செய்யப்படுகின்றன. ஏ.பி.எஸ். விலை குறைவு, பார்வைக்கு உறுதியாகவும் இருக்கும். ஆனால் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்காமல், ஓரங்களிலும் சக்கரம் பொருந்தும் மூலைகளிலும் விரிசல் விடும். பாலிகார்பனேட் அடி வாங்கினால் உள்ளே அமுங்கித் திரும்பவும் எழும்பும். பாலிபுரொப்பிலீன் எடை குறைந்தது, நன்றாக நெகிழ்வது. பிள்ளைகள் பெட்டியின் மீது உட்காருவார்கள், ரயில் வர நேரமானால் ஏறி நிற்கவும் செய்வார்கள்; எனவே நெகிழ்கிற ஓடு குழந்தைப் பெட்டிக்குப் பெரியவர்கள் பெட்டியைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எங்களிடம் இருந்தவற்றில் விரிசல் விட்டது ஏ.பி.எஸ். பெட்டி ஒன்றுதான், அதுவும் அடிமூலையில்.

படம் எவ்வளவு காலம் தங்கும் என்பதும் இந்த ஓட்டோடு சேர்ந்த விஷயம்தான். பல குழந்தைப் பெட்டிகளில் படம் ஒரு மெல்லிய படலமாக அச்சிடப்பட்டு, ஓட்டின் மீது ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு மேல் பாதுகாப்புப் பூச்சு போதாவிட்டால், விமான நிலைய கன்வேயரில் ஒருமுறை உராய்ந்தாலே யூனிகார்னின் முகத்தில் வெள்ளைக் கோடுகள் விழும். பிள்ளைக்கு அது உண்மையான வருத்தம். ஆகவே நாங்கள் இரண்டாவது பெட்டியை ஒற்றை நிறத்தில், படமில்லாமல், பாலிகார்பனேட்டில் வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டும் பொறுப்பை மகளிடம் விட்டோம். பாலிகார்பனேட்டில் ஸ்டிக்கர் நன்றாகப் பிடிக்கும். பாலிபுரொப்பிலீனில் சரியாகப் பிடிக்காமல் ஓரம் எழும்பிக்கொள்ளும், ஏனெனில் அந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு பசையை எளிதில் ஏற்பதில்லை. நான்கு வயதில் ஒட்டிய பூனைகளின் மேல் ஏழு வயதில் கோள்களும், அதற்குப் பின் கிரிக்கெட் வீரர்களும் வந்துவிட்டார்கள். பிள்ளையின் ரசனை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அச்சிட்ட படம் மாறுவதில்லை. பெட்டியின் மீது சலிப்பு வராமலிருக்க இதைவிடச் சிறந்த வழியை நான் இதுவரை காணவில்லை. கீறல் விழுந்தாலும் அதன் மேல் இன்னொரு ஸ்டிக்கர் வந்துவிடுகிறது.

சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு சக்கரப் பெட்டியைச் சாய்த்து இழுக்க வேண்டும். நான்கு சக்கரப் பெட்டி நின்ற நிலையிலேயே எந்தப் பக்கமும் நகரும். வழவழப்பான தரையில் நான்கு சக்கரம் பிள்ளைக்கு மிக எளிது. எடை கையில் இறங்காது, பக்கத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடக்கலாம். ஆனால் நம் ரயில் நிலையத்தின் தரையோ, சாலையோரக் கான்கிரீட் கற்களோ, பேருந்து நிலையத்தின் குழிகளோ அப்படி வழவழப்பானவை அல்ல. சுழலும் சிறு சக்கரங்கள் ஒவ்வொரு இடுக்கிலும் சிக்கி, பெட்டி முன்பக்கமாகக் குப்புற விழும். அதோடு, ஓடும் ரயிலிலும் விமான நிலையப் பேருந்திலும் நான்கு சக்கரப் பெட்டி தானாக உருண்டுபோகும். அதைப் பிடிக்கப் பிள்ளை எழுந்து ஓடும். இரண்டு சக்கரப் பெட்டி நிறுத்திய இடத்தில் நிற்கும், அதன் சக்கரங்கள் பாதி உள்ளே பதிந்திருப்பதால் விமானச் சரக்கில் (செக்-இன்) போட்டாலும் எளிதில் உடையாது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சுழல் சக்கரங்கள்தான் சரக்கில் முதலில் அடிபடுகின்றன. பயணம் பெரும்பாலும் விமானத்தில்தான், பெட்டி பெற்றோர் கையை விட்டுப் போகாது என்றால் நான்கு சக்கரம் வாங்கலாம். ரயிலும் பேருந்தும் அதிகம் என்றால், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இரண்டு சக்கரமே மேல்.

சக்கரம் ஆணி வைத்து அடிக்கப்பட்டதா, திருகு போட்டு முடுக்கப்பட்டதா என்பதையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்து உள்துணியில் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் திறந்து விரலால் தடவினாலே திருகின் தலை தட்டுப்படும். திருகு இருந்தால் எந்தப் பை ரிப்பேர் கடையிலும் சிறிது நேரத்தில் சக்கரத்தை மாற்றிவிடுவார்கள். ஆணியடித்தவற்றை முதலில் துளையிட்டு எடுக்க வேண்டியிருப்பதால் பலர் வேலையை ஏற்கத் தயங்குகிறார்கள். சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊருக்குப் போய் வந்தால் மணலும் சேரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதைத் துடைத்து, உலர்ந்த பிறகு சிலிகான் ஸ்பிரே சிறிது அடித்தால் போதும். தேங்காயெண்ணெய் விடுவது வீட்டு வழக்கம் என்றாலும், அது தூசியைப் பிடித்துக் கெட்டியாகிவிடுவதால் நான் தவிர்க்கிறேன். உருளும்போது ஒளிரும் சக்கரங்களைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டரி கிடையாது, சக்கரத்தின் உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் சுழல்வதால் உண்டாகும் மின்சாரத்தில் எரிகின்றன. பிள்ளைக்கு அந்த வெளிச்சம் தருகிற மகிழ்ச்சி உண்மையானது, விமானத்திலும் அதற்குத் தடையில்லை.

பிள்ளை ஏறி உட்கார்ந்து சவாரி செய்யும் பெட்டிகள் தனி வகை. இவற்றுள் பெயர் பெற்ற டிரங்கியை வடிவமைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ராப் லா. தொழில்முனைவோர் முதலீட்டாளர்களிடம் நேரில் பணம் கேட்கும் பிபிசியின் டிராகன்ஸ் டென் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 2006-இல் அவர் அதைக் காட்டியபோது, முதலீட்டாளர் ஒருவர் இழுத்ததில் வாரின் கொக்கி கழன்று வந்துவிட்டது, முதலீடும் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தப் பெட்டி பின்னர் உலகெங்கும் விற்றது. அதை ஒத்த மற்றொரு நிறுவனத்தின் பெட்டி குறித்த வழக்கில், பதிவு செய்த வடிவமைப்பு மீறப்படவில்லை என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. இன்று சவாரிப் பெட்டிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. எந்தப் பெயரில் வாங்கினாலும் முதலில் வாரையும் அதன் கொக்கியையும் இழுத்துப் பாருங்கள். எடை முழுதும் அங்கேதான் விழுகிறது.

சவாரிப் பெட்டியின் மகிழ்ச்சி பெரிது; குறிப்பாக, மூன்று முதல் ஆறு வயது வரை. விமானம் தாமதமானால் காத்திருப்பு அறையில் பிள்ளை அதன் மேல் உட்கார்ந்தே நேரத்தைக் கழித்துவிடும், எங்கள் மகன் அதில் சாய்ந்து தூங்கியிருக்கிறான். ஆனால் டிரங்கியின் கொள்ளளவு 18 லிட்டர். அதில் ஒரு பிள்ளையின் இரண்டு நாள் உடையும் சில பொம்மைகளும் அடங்கும், அவ்வளவுதான். கீழ்ப்படுக்கைக்கு அடியில் தள்ள எளிது, ஆனால் படிக்கட்டு வந்ததும் பெட்டியையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்குவது பெற்றோர்தான். கால் நீண்டு தரையில் இழுபடத் தொடங்கியதும் சவாரி முடிந்துவிடும். பிறகு அது பொம்மைப் பெட்டியாக வீட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது, உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தில் அடிக்கடி போகிற குடும்பத்துக்கு இதை மனமாரப் பரிந்துரைப்பேன். ரயில் குடும்பத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

நீட்டி மடக்கும் கைப்பிடியில் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ற இடைநிலைப் பூட்டு இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் மட்டும் நிற்கும் கைப்பிடி சிறு பிள்ளையின் தோள் வரை வந்து, இழுக்கும் கையை வலிக்கச் செய்யும். கடையில் கைப்பிடியை முழுதும் நீட்டி இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். புதிதிலேயே தளர்வாக ஆடினால் ஓராண்டில் பூட்டு விழாமல் போகும். கைப்பிடிக் குழாய் பெட்டியின் உள்ளே முதுகுப்பக்கம் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், சொல்லப்பட்ட கொள்ளளவைவிடப் பயன்படும் இடம் குறைவாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஜிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பற்கள் பெரிதாக இருக்க வேண்டும், ரன்னரில் பிள்ளையின் விரல் நுழையும் அளவுக்கு வளையமோ நாடாவோ தொங்க வேண்டும். முனை இழுப்பான் உடைந்தால் சாவி வளையம் ஒன்றை மாட்டிக் காலத்தை ஓட்டலாம். ரன்னர் தேய்ந்தால் பை தைப்பவர் மாற்றித் தருவார். இறுகிப்போன ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு நகரும்.

குறைந்த விலையில், நீண்ட நாள், எல்லாப் பயணத்துக்கும் உழைத்தது எது என்று கேட்டால், மகனின் முதுகுப்பையைத்தான் சொல்வேன். பாலியஸ்டர் துணி, அகலமான தோள்வார், மார்பின் குறுக்கே ஒரு கொக்கி, இருபுறமும் தண்ணீர் பாட்டில் வைக்க வலைப்பை. அவ்வளவுதான் அதன் அமைப்பு. படியேறுகையில் இரு கைகளும் பிள்ளைக்கு விடுபட்டிருக்கின்றன, ஒரு கை கைப்பிடிச் சுவரிலும் மறு கை நம் கையிலும் இருக்கிறது. பாதுகாப்புக்கு இதுவே முக்கியம். எடையில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இந்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பயணத்துக்கும் நாங்கள் அதே அளவைத்தான் வைத்திருக்கிறோம். 18 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 1.8 கிலோ. பையின் சொந்த எடை போக, ஒரு மாற்று உடை, ஒரு கதைப்புத்தகம், வண்ணப் பென்சில்கள், பிடித்த பொம்மை ஒன்று, இவ்வளவுக்குத்தான் இடமிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பிள்ளையே தேர்ந்து அடுக்கும் அந்த மாலைப்பொழுது, பயணத்தின் ஒரு பகுதியாகவே எங்கள் வீட்டில் ஆகிவிட்டது.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புப் பயணிக்குப் பொதுவாக 7 கிலோ வரை ஒரு கைப்பை அனுமதிக்கப்படுகிறது. தனி இருக்கை எடுத்த பிள்ளைக்கும் அதே உரிமை உண்டு. ஆகவே பிள்ளையின் சிறு பெட்டி வெறும் விளையாட்டுப் பொருளாக இல்லாமல், குடும்பத்தின் மொத்தச் சுமையில் ஒரு பங்கைச் சுமக்கிறது. பெட்டியே மூன்று கிலோ இருந்தால் அந்தப் பங்கில் கிட்டத்தட்ட பாதி போய்விடும் என்பதால், வெற்றுப் பெட்டி 2 கிலோவுக்குள் இருப்பது நல்லது. ரயிலில் ஏசி மூன்றடுக்கிலும் படுக்கை வகுப்பிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம், 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு அதில் பாதி. எடையைவிட இடம்தான் அங்கே சிக்கல். கீழ்ப்படுக்கைக்கு அடியில் எல்லோருடைய பெட்டிகளும் போக வேண்டியிருப்பதால், ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு நடுத்தரப் பெட்டிகளும் பிள்ளைகளின் இரு முதுகுப்பைகளும் எளிதில் அடங்குகின்றன. அடியில் உள்ள கம்பி வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்ட, உறுதியான பக்கவாட்டுக் கைப்பிடி பெட்டியில் இருக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயன்படுத்தியதால் கெட்டவற்றைவிட, பரணில் கிடந்தே கெட்ட பைகள் எங்கள் வீட்டில் அதிகம். காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேன் பூச்சைச் சிதைக்கும். பையின் உட்பக்கம் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். ரப்பர் போன்ற மென்மையான கைப்பிடிப் பூச்சுகளும் அப்படியே ஒட்டத் தொடங்கும். போலித் தோல் காதுகள், வால்கள், சிறகுகள் தைத்த குழந்தைப் பைகள் இதில் முதலில் பலியாகின்றன. எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றை நான் வாங்குவதில்லை. பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடி வைக்காமல், ஜிப்பைச் சிறிது திறந்து, காற்றுப் படும் இடத்தில் வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் உலர்த்துவது போதுமானது.

உத்தரவாத அட்டையை வாங்கும் நாளிலேயே படித்துவிடுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்குத்தான் பொருந்தும். விமானச் சரக்கில் ஏற்படும் சேதத்தை அது ஏற்காது. அந்தச் சேதத்துக்கு விமான நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும், பெட்டி கைக்கு வந்ததும் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அவர்களின் மேசையில் பதிவு செய்துகொள்வது நல்லது. பன்னாட்டுப் பயணமானால், விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி பெட்டியைப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அதற்காகப் பிள்ளையின் பெட்டியை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் கைப்பேசியில் படமெடுத்து, வாங்கிய ரசீதின் படத்தையும் அதனுடன் சேர்த்து வைத்திருக்கிறோம்.