நுவரெலியா என்று எழுதித் தந்து கண்டியில் தங்க வைத்தார்கள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் பலருடைய வாட்ஸ்அப்பில் அந்த வண்ணத் தாள் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே ஏரிப் படம், தேயிலை மலையில் வளைந்து போகும் அதே நீல ரயில், "இலங்கை மலைநாடு, நான்கு இரவு ஐந்து பகல்" என்ற அதே தலைப்பு. 2025 ஜனவரியில் அதை நம்பிப் போய் வந்தவள் நான். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கோவையில் அலுவலகம், குன்னூரில் ஒரு முகவர் என்பது மட்டும் இங்கே போதும்.

நாங்கள் ஏன் இலங்கையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. என் அப்பா பிறந்தது அட்டனுக்கு அப்பால், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தில். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவருக்கு ஒன்பது வயது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று இரண்டு பிரதமர்களும் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டார் ஆறு பேர். 1972இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் அப்பா ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தும் அக்கம்பக்கத்தில் எங்கள் வீட்டுக்குச் 'சிலோன்காரர் வீடு' என்றுதான் பெயர்.

அவர் எதையும் கேட்கிறவர் இல்லை. 2024 ஆடி மாதம் ஒருநாள், "ஒருமுறை அந்த லயத்தைப் பார்த்துவிட்டு வரலாமா அம்மா?" என்று கேட்டார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அந்த வாரமே கோவைக்குப் போய் அவருக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். பிறந்த இடம் என்ற கட்டத்துக்காக, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டை அப்பா தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓரங்கள் உதிர்ந்திருந்தன.

முகவரிடம் போனபோது முதலில் எங்களை வேறு பக்கம் திருப்பத்தான் பார்த்தார். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்காரர்கள் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏன் போக வேண்டும், அங்கேயும் இதே தேயிலை, இதே குளிர்தானே, தாய்லாந்துக்கு விசாகூட வேண்டாமே என்றார். பயணம் என்றால் இல்லாததைப் பார்ப்பது என்று நினைக்கிறவருக்கு இது சரியாக இருக்கலாம். அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரு மலைதான். அதை விளக்கமாகவே சொன்னேன். நோர்வூட், தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் எல்லாவற்றையும் அவர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "நுவரெலியாவில் இரண்டு இரவு தங்குகிறீர்கள் மேடம், அங்கிருந்து அட்டன் பக்கம்தான், ஓர் அரைநாள் ஒதுக்கித் தருகிறோம்" என்றார். கண்டியிலிருந்து நானு ஓயா வரை ரயிலில் முன்பதிவு இருக்கை என்றும் சொன்னார். அந்தப் பாதையில்தான் அட்டன் நிலையம் வரும், அதைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும் என்று அப்பா அன்று இரவு முழுக்க அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று பேருக்கு 1,38,000 ரூபாய். ஜிஎஸ்டி 6,900. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய டிசிஎஸ் வரி அப்போது 5 சதவீதம் என்று 7,245. ஆக மொத்தம் 1,52,145 ரூபாய். விசா செலவு என்று அதற்கு மேல் தனியாக வாங்கினார்கள். அதற்கு ரசீது கேட்டும் கடைசிவரை காட்டவில்லை. 50,000 ரூபாய் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது. மீதியை 'இன்றைக்கே கட்டினால்தான் விமான டிக்கெட் இந்த விலைக்கு' என்று அவசரப்படுத்தி, ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனிமனிதரின் பெயர். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜனவரி 15ஆம் தேதி திருச்சியில் விமானம் ஏறினோம். எங்கள் வேனில் மொத்தம் பதினொரு பேர். அதில் ஐந்து பேர் கூடலூரிலிருந்து வந்திருந்த இன்னொரு தாயகம் திரும்பிய குடும்பம். அவர்களுக்கும் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் பின்னவல யானைகளைப் பார்த்துவிட்டு, மாவனெல்லையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் நிறுத்தினார்கள். தோட்டம் பத்து நிமிடம், எண்ணெயும் லேகியமும் விற்கும் கூடம் ஒன்றரை மணி நேரம். யாரும் பெரிதாக வாங்கவில்லை என்றதும் ஓட்டுநரின் முகம் மாறியது. கூட்டிவரும் ஆள்கணக்குக்கும் விற்பனைக்கும் அவருக்குத் தரகு உண்டு என்பதைப் பிறகு அவரே கூடலூர்க்காரரிடம் சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கு நிறுவனம் கொடுக்கும் சம்பளமே அதுதான் போலிருக்கிறது.

கண்டி விடுதியில் பதிவுக்கு என்று எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் வாங்கிக்கொண்டார். கடைசி நாள்வரை அவை அவரிடமே இருந்தன.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கே அப்பா பெட்டியோடு கீழே வந்து உட்கார்ந்திருந்தார். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று ஓட்டுநர் சாதாரணமாகச் சொன்னார். அந்தத் தடத்தில் முன்பதிவு 30 நாளுக்கு முன்பே திறந்துவிடும், சிவனொளிபாதமலைக்கு (ஆதாம் சிகரத்துக்கு) மக்கள் யாத்திரை போகும் பருவத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். எங்கள் பணம் ஐம்பது நாள்களாக அவர்கள் கையில் இருந்தது. டிக்கெட் எடுக்க யாரும் முயன்றதற்கான ஓர் அடையாளத்தைக்கூட அவர்களால் பிறகு காட்ட முடியவில்லை. சரி, வேனிலாவது நுவரெலியாவுக்குப் போவோம் என்றால், அன்றைக்கு இரத்தினக்கல் கடை, பத்திக் துணிக்கடை, பேராதனைத் தோட்டம் என்று கண்டியையே சுற்றினோம். பேராதனை அழகான இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாலையில் வேன் மறுபடியும் அதே கண்டி விடுதியின் வாசலில் வந்து நின்றது.

நுவரெலியாவில் அறை என்று ஒன்று பதிவு செய்யப்படவே இல்லை.

கோவைக்கு அழைத்தேன். நாலாவது முறை எடுத்த பெண், தாளின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். "குறிப்பிட்ட விடுதி அல்லது அதற்கு இணையான விடுதி, மலைநாட்டுப் பகுதியில்" என்று இருக்கிறது. கண்டியும் மலைநாடுதானே என்பது அவர்கள் வாதம். இரண்டும் வெவ்வேறு மாவட்டங்கள், நடுவே எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஊட்டியில் அறை என்று பணம் வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் படுக்க வைப்பதைவிட மோசம். நுவரெலியாவில் அறை வாடகை அதிகம், கண்டியில் ஒரே விடுதியை மொத்தமாக எடுத்தால் மலிவு. அந்த வித்தியாசம் யார் பைக்குப் போனது என்று கணக்குப் போட வேண்டியதே இல்லை.

மூன்றாம் நாள் ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்குக் கூட்டிப் போய், சீத்தா எலியவில் அம்மன் கோயிலைக் காட்டி, ஏரிக்கரையில் இறக்கி இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு இரவோடு இரவாகக் கண்டிக்கே திருப்பிக் கொண்டு வந்தார்கள். அட்டன் எப்போது என்று கேட்டதற்கு, திட்டத்தில் அட்டன் இல்லை, போக வேண்டுமானால் 120 டாலர் தனியாக என்றார் ஓட்டுநர். தாளைப் பார்த்தேன். உண்மையிலேயே அதில் அட்டன் இல்லை. முகவர் தன் நோட்டில் எழுதியது அவர் நோட்டிலேயே இருந்துவிட்டது.

ஓட்டுநரிடம் காசு மாற்றிய கதையும் உண்டு. அப்போது நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் கொடுத்தது இரண்டரை. விமான நிலையத்து வங்கிச் சாளரத்தைக் கண் முன்னே கடந்து வந்திருந்தோம்.

நான்காம் நாள் மாலை மூன்றரைக்கு வேன் நீர்கொழும்புக்குக் கிளம்புகிறது என்றார்கள். அம்மாவை விடுதியில் விட்டுவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு காலையில் கண்டி பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அட்டன் பஸ்ஸில் சிவனொளிபாதமலைக்குப் போகும் கூட்டம் நெருக்கியது. அப்பாவுக்கு இடம் கொடுக்க ஒரு சிங்களப் பையன் எழுந்து நின்றான். அட்டனில் இறங்கியபோது மணி பதினொன்றே முக்கால். திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஓட்டோ பிடித்து நோர்வூட் வரை போனோம்.

அங்கே கடை ஓரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அப்பா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அந்த அம்மா உடனே, "எந்த டிவிஷன், மேல் கணக்கா கீழ்க் கணக்கா?" என்று கேட்டார். தோட்டத்தின் பிரிவைத்தான் அங்கே கணக்கு என்பார்கள். அப்பா சொன்னார். "அந்த லயம் இன்னும் இருக்கிறது ஐயா, மூன்றாவது வளைவு தாண்டினால் தெரியும்" என்று மலையைக் காட்டினார். ஓட்டோக்காரர், போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். பாஸ்போர்ட் கண்டியில் ஓட்டுநரின் பையில் இருந்தது. அம்மா தனியாக விடுதியில் இருந்தார். மறுநாள் காலையில் விமானம். அப்பாதான் "திரும்பிவிடலாம்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு தெரிந்தவை இவை. டிசிஎஸ் என்று நம்மிடம் வாங்கும் பணம் நம் பான் எண்ணில் வருமான வரித் துறையின் வரிப் பதிவான படிவம் 26ஏஎஸ்ஸில் வந்து நிற்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறவோ கழித்துக்கொள்ளவோ முடியும். மார்ச்சில் பார்த்தேன், ஜூனில் பார்த்தேன். 7,245 ரூபாய் வரவே இல்லை. யோசித்தால், பணம் வாங்கும்போது அவர்கள் என் பான் எண்ணைக் கேட்கவே இல்லை. சீட்டில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினேன். எவரும் தேடலாம், கணக்கு எதுவும் வேண்டாம். அது ரத்தான எண் என்று வந்தது. ஆக, வரி என்ற பெயரில் வாங்கிய 14,145 ரூபாயும் அரசுக்குப் போகவில்லை. மலைநாடு, விடுதி என்று வார்த்தை விளையாட்டு ஆடலாம். இதில் ஆட முடியாது. வக்கீலும் இதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

நிறுவனம் சமாதானமாக நீட்டியது, அடுத்த பாங்காக் பயணத்தில் 8,000 ரூபாய் தள்ளுபடி. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், அதற்கும் இதே பதிலைத்தான் அனுப்பினார்கள். பிறகு உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். அலுவலகம் கோவையில் இருந்தாலும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். கூடலூர்க் குடும்பமும் தனியாகக் கொடுத்திருக்கிறது. இதே முகவரிடம் பணம் கட்டியவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இனி பணம் கட்டப் போகிறவர்களுக்கு: எந்த ஊரில் எத்தனை இரவு, எந்த விடுதி என்பதைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். 'இணையான விடுதி' என்று இருந்தால் 'அதே ஊரில்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்கத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் எந்த ஓர் இடத்துக்காகப் போகிறீர்களோ அந்த இடத்தின் பெயர் தாளில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கடல் தாண்டாது. பணம் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும். விடுதியில் பதிவு முடிந்ததும் பாஸ்போர்ட்டைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், அதிலும் வயதானவர்களின் பாஸ்போர்ட்டை.

எங்களைப் போல இலங்கை மலையகத்தில் வேர் உள்ளவர்களுக்கு இன்னொன்று. அட்டனுக்குப் போக தொகுப்புச் சுற்றுலாவே தேவையில்லை. நாங்கள் போன 2025 ஜனவரியில், கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே ரயில்கள் அட்டனில் நின்றன. ஈடிஏ எனப்படும் பயண அனுமதிக்கு இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதலாக வாங்குகின்றன, முகவரியைக் கவனியுங்கள். அட்டனில் இறங்கிவிட்டால் எந்தக் கடையிலும் தமிழில் பேசலாம். இவை எதுவும் எனக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அப்பா அந்த மூன்றாவது வளைவைத் தாண்டியிருப்பார்.

அவருடைய பாஸ்போர்ட் 2034 வரை செல்லும். அடுத்த முறை ரயில் டிக்கெட்டை நானே எடுக்கிறேன். நோர்வூட்டில் மூன்று இரவு.