மாலிக்யூல் 02: திமிங்கலம் வேண்டாத அம்பர்

அம்பர் வாசனை பிடிக்கும், ஆனால் அதைத் தரும் திமிங்கல எச்சம் என்றாலே கடத்தல், கைது என்று செய்தி வருகிறதே என்று தயங்குபவர்களுக்கு எஸ்சென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் நிறுவனத்தின் மாலிக்யூல் 02 என்ற சென்ட்டை நான் தாராளமாகச் சொல்வேன். கெசா ஷோன் என்ற ஜெர்மன் வாசனைக் கலைஞர் 2008-இல் கொண்டுவந்தது. ரோஜா, சந்தனம், எலுமிச்சை எதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் மணப்பொருள், அம்பர் வாசனைக்காக ஆலையில் செய்யும் அம்ப்ராக்சான் மட்டும்தான்.

நிஜ அம்பரை முகர்ந்தவன் என்பதால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன். மஸ்கட்டில் வேலை பார்த்தபோது முத்ரா சந்தையில் பெரியவர் ஒருவர் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டியைக் கையில் வைத்தார். பார்வைக்குக் கல், எடையே இல்லை. உடைந்த பக்கத்தில் கறுப்பாகச் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகள், கணவாயின் அலகுகள். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்குச் செரிக்காமல் போவது அதுதான், அதைச் சுற்றித்தான் குடலில் இந்தப் பொருள் திரளுகிறது. ஊசியைச் சுடவைத்து அவர் தொட்டதும் அந்த இடம் தார் மாதிரி உருகிக் கறுத்தது, இழையாகப் புகை வந்தது. முதலில் மாட்டுத் தொழுவம், அப்புறம் காய்ந்த கடற்பாசி, புகையிலை, கடைசியாக ஒரு மெல்லிய இனிப்பு. கட்டியைக் கீழே வைக்கவே மனசில்லை.

அந்தக் கடைசி இனிப்புத்தான் மாலிக்யூல் 02. புதிதாக வெளிவந்த அம்பர் கறுப்பாக, சாண நாற்றத்தோடு இருக்கும். அதிலுள்ள அம்ப்ரெய்ன் என்ற மூலப்பொருளுக்கென்று பெரிய மணம் இல்லை. வருஷக்கணக்காகக் கடலில் மிதந்து, உப்பும் வெயிலும் காற்றும் பட்டுச் சிதையும்போதுதான் மணம் பிறக்கிறது. அப்படிப் பிறப்பவற்றில் முக்கியமான மூலக்கூறைத்தான், கிளாரி சேஜ் செடியிலிருந்து எடுக்கும் ஸ்க்ளேரியால் என்ற பொருளைக் கொண்டு, அம்ப்ராக்சான் என்ற பெயரில் ஆலையில் செய்துவிடுகிறார்கள். கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்துச் செய்யும் முறையும் இப்போது வந்துவிட்டது. 2015-இல் வந்த டியோர் சவாஜ் சென்ட்டைப் போட்டவர்களுக்கு இந்த வாசனை ஏற்கெனவே பழக்கம்தான். அதிலும் அம்ப்ராக்சான் தூக்கலாக இருக்கும்.

அடித்தவுடன் ஸ்பிரிட் வாடைதான் வரும், ஏமாந்துவிடாதீர்கள். அது பறந்த பிறகு உப்புக்காற்றில் காய்ந்த பருத்தித் துணி மாதிரி ஒரு சுத்தமான மணம் எழும்பும். கொஞ்ச நேரத்தில் நமக்கே தெரியாமல் போகும், மூக்கு பழகிவிடுகிறது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். கீழக்கரையில் ஒரு கல்யாண வீட்டில், எனக்கு எதுவுமே தெரியாத நேரத்தில், அக்கா மகன் தோளருகே வந்து, "மாமா, என்ன அத்தர் இது, நல்லா இருக்கே!" என்றான். சட்டையில் பட்டால் மறுநாளும் நிற்கும்.

குறை உண்டு. அந்தத் தொழுவமும் புகையிலையும் இதில் இல்லை. அத்தர் போட்டுப் பழகியவர்களுக்குச் சப்பென்று தோன்றலாம். நான் மணிக்கட்டில் ஒரு துளி சந்தன அத்தர் தடவி, அதன் மேல் இதை அடிக்கிறேன், ஆழம் கூடுகிறது. விலையும் அதிகம்தான். 30 மில்லி பாட்டிலே போதும்.

"அசல் திமிங்கல அம்பர் அத்தர்" என்று யாராவது நம்மூரில் நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடைகளில் சாதாரணமாக 'அம்பர்' என்று கிடைக்கும் இனிப்பான அத்தர் பெரும்பாலும் லாப்டனம் என்ற செடிப் பிசினும் வனிலாவும் சேர்ந்த கலவை. அதுவும் நல்ல வாசனைதான், ஆனால் கடல் அதில் இருக்காது.

கடையில் காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். கையில் ஒரு முறை அடித்துக்கொண்டு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். கூட வந்தவரை முகரச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.