ஆற்றுப்பாலை பார்க்கப் போகிறீர்களா? 10 மடங்கு கைலென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்

போனில் ஒரு செயலி இருந்தால் எந்த மரத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று பலரும் சொல்கிறார்கள். வேறு மரங்களுக்கு அது ஓரளவு சரி. ஆற்றுப்பாலை போன்ற வில்லோ வகை மரங்களுக்கு அது போதாது என்பதுதான் என் தீர்மானமான கருத்து. ஒரே மரத்தில் இளம் கிளையின் இலை ஒரு மாதிரி, முதிர்ந்த கிளையின் இலை வேறு மாதிரி. ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ இன்னொரு மரத்தில். இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்லும் உறுப்புகள் எல்லாமே சில மில்லிமீட்டர்தான். எட்டி நின்று எடுத்த போட்டோவில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

நான் பயன்படுத்துவது உலோக உறைக்குள் மடங்கும் சாதாரண 10 மடங்கு லென்ஸ். விட்டம் 21 மில்லிமீட்டர், மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிய ட்ரிப்லெட் வகை. ஓரம் வரை உருவம் வளையாமல், விளிம்பில் வானவில் நிறம் அடிக்காமல் தெளிவாகத் தெரிகிறது. லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இலையை அதன் அருகே இரண்டரை சென்டிமீட்டர் வரை கொண்டுவர வேண்டும். பூதக்கண்ணாடி மாதிரி தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று குறை சொல்கிறவர்கள் நிறைய.

சரி, மரத்துக்கு வருவோம். நம் நாட்டு வில்லோவான ஆற்றுப்பாலை (சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா) ஓடைக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வளரும். இலை ஈட்டி போல நீண்டு நுனி கூராகும், அடிப்புறம் வெளிறி இருக்கும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் பாறைகளுக்கு இடையே நிற்கும் ஹோமோனோயா ரிப்பேரியா என்ற ஆமணக்குக் குடும்பப் புதரும் இலையில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அங்கே லென்ஸ் உடனே வேலை செய்கிறது: ஹோமோனோயா இலையின் அடியில் பொடிப்பொடியாகச் செதில்கள் அப்பியிருக்கும். வில்லோவில் மொட்டைப் பாருங்கள், ஒரே ஒரு செதில் தொப்பி மாதிரி முழு மொட்டையும் மூடியிருக்கும். பூத்திருந்தால் இன்னும் சுலபம். பூங்காக்களில் நடும், சீனாவிலிருந்து வந்த அழுகை வில்லோவின் ஆண் பூவில் மகரந்தத் தாள் இரண்டுதான். ஆற்றுப்பாலையில் அதைவிட அதிகம், லென்ஸ் வழியாக ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

பூச்சி, நோய் விஷயத்தில்தான் இந்த லென்ஸை நான் மிகவும் மதிக்கிறேன். இலையெல்லாம் கறுத்துப்போனால் உடனே பூஞ்சாணக்கொல்லி தேடி ஓடுகிறார்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் கரும்பூசணம், அசுவினி கழிக்கும் இனிப்பு நீரின் மேல் வளர்வது. காரணம் மேலே தண்டில் இருக்கும். வில்லோவைத் தாக்கும் ராட்சத அசுவினி 5 மில்லிமீட்டர் வரை வளரும், பட்டையோடு பட்டையாகக் கூட்டமாக ஒட்டியிருக்கும். லென்ஸில் பார்த்தால் முதுகின் நடுவே கூராக ஒரு முடிச்சு நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் வேறு எதோடும் குழப்பம் வராது. எறும்பும் குளவியும் மொய்க்கும் கிளையில் முதலில் தேடுங்கள்.

இலையின் அடியில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால், அது துரு நோயா, சிலந்திப்பேன் உண்டாக்கிய கழலையா என்ற கேள்வி வரும். துரு என்றால் தோல் வெடித்து மாவு போன்ற வித்துகள் கொட்டும், விரலில் ஒட்டும். கழலை இலையோடு சேர்ந்த சதை, தேய்த்தாலும் வராது. அவரை விதை மாதிரி இலையில் உப்பியிருந்தால் பெரும்பாலும் ரம்பக் குளவியின் வேலை, பிளந்து பாருங்கள், உள்ளே புழுவோ அதன் எச்சமோ இருக்கும். நரம்பு மட்டும் வலை மாதிரி மிஞ்சினால் இலை வண்டு. பட்டையில் செதில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் லேசாகச் சுரண்டினாலே போதும்.

குறையும் உண்டு. கழலை உண்டாக்கும் அந்தச் சிலந்திப்பேன் 0.2 மில்லிமீட்டர் அளவுதான், 10 மடங்கில் வெறும் வெள்ளைக் கீற்றாகத்தான் தெரியும். அதற்கு 20 மடங்கு லென்ஸ் தேவை, ஆனால் அதில் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், கை நடுங்கினால் எல்லாம் ஓடும். முதல் லென்ஸாக அதை வாங்காதீர்கள். 30, 60 மடங்கு என்று பொறித்த மலிவான ஒற்றைக் கண்ணாடி லென்ஸ்களையும் நம்ப வேண்டாம். அப்புறம், மடங்கும் இடத்தில் திருகு நாளடைவில் தளர்கிறது, அவ்வப்போது முறுக்க வேண்டும். அசுவினியின் இனிப்பு நீர் கண்ணாடியில் பட்டால் சட்டை நுனியால் துடைக்காமல், முதலில் தண்ணீரில் அலசிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.