ஏ டச் ஆஃப் ஜென் ப்ளூரே: ஷூ ஃபெங்கோட பார்வைக்காகவே வாங்கலாம்

க்ரைட்டீரியன்ங்கற அமெரிக்க டிஸ்க் கம்பெனி 2016ல போட்ட ஏ டச் ஆஃப் ஜென் ப்ளூரேய வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடுறேன், தாராளமா வாங்குங்க, ஆனா உங்க வீட்டு ப்ளேயர் என்னன்னு பாத்துட்டு வாங்குங்க. ப்ளூரேக்கு உலகத்த ஏ, பி, சின்னு மூணு ரீஜனா பிரிச்சு வச்சிருக்காங்க, இந்த டிஸ்க் ரீஜன் ஏ, நம்ம நாடு ரீஜன் சி, இங்க கடையில வாங்குன சாதா ப்ளேயர்ல போட்டா ஓடாது. சிங்கப்பூர், மலேசியாவும் ரீஜன் ஏ தான், அதனால அங்கிட்டு இருந்து யாராவது சொந்தக்காரங்க ஊருக்கு வர்றப்ப ஒரு ப்ளேயர் கொண்டாரச் சொல்லுங்க, எங்க வீட்ல அப்படி அண்ணன் கொண்டாந்த ப்ளேயர்லதான் ஓடுது. வெளிநாட்டு டிஸ்க்னால விலையும் கூட, கஸ்டம்ஸ் வேற சேரும். அதையும் தாண்டி ஏன் வாங்கச் சொல்றேன்னா, சீன வாள் சண்டைப் படங்கள்ல ஒரு பொண்ணு போர்வீரரா எப்படி இருப்பாங்கறத இதவிட நல்லா காட்டுன படத்த நான் பாக்கல.

படம் 1971ல வந்தது, தைவான்ல எடுத்தது, டைரக்டர் கிங் ஹூ. மூணு மணி நேரம். மிங் வம்ச காலத்துல நடக்குற கதை. ஒரு பாழடைஞ்ச கோட்டைக்குப் பக்கத்துல கு ஷெங்சாய்னு படம் வரைஞ்சு குடுத்து, கடுதாசி எழுதிக் குடுத்து பொழைக்கிற படிச்ச ஆளு, அவரோட அம்மா. பேய் இருக்குன்னு ஊரே பயப்படுற அந்தக் கோட்டைக்கு யாங் ஹுயிசென்னு ஒரு பொண்ணு குடிவருது. அவ அப்பா நேர்மையான அதிகாரி, அரண்மனையில ஆட்டிப்படைச்ச ஒரு அலுவலரோட அக்கிரமத்த மேலிடத்துக்குச் சொல்லப் போயி கொடுமைப்படுத்திக் கொன்னுட்டாய்ங்க, இப்ப இவளையும் தேடிக்கிட்டு ரகசியப் போலீஸ்காரய்ங்க வர்றாய்ங்க. ஓடி ஒளிஞ்சப்ப மடத்துல இருந்த புத்த பிக்குகள்கிட்டதான் சண்டை கத்துக்கிட்டா.

முதல் சண்டை வர்றதுக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். இதக் கேட்டு நிறைய பேரு பயந்துருவாங்க, பயப்படாதீங்க. அந்த ஒரு மணி நேரமும் நம்ம அந்தப் பொண்ண ஒரு ஏழைப் பக்கத்து வீட்டுக்காரியாத்தான் பாக்குறோம், அந்தம்மா வேற தன் மகனுக்கு அவளக் கட்டி வச்சுரணும்னு அலையுது, அவ மாட்டேன்னுட்டு கதவச் சாத்துறா. அப்புறம் ஒரு காலையில அவளப் பிடிக்க ஒரு ரகசியப் போலீஸ்காரன் வந்து நிக்கிறப்ப அவ கையில ஆயுதம் வருது பாருங்க, நம்ம பக்கத்துல இருக்க அந்தப் படிச்ச மனுஷன் மாதிரியே நாமளும் வாயப் பொளந்து பாக்குறோம், ஏன்னா அவ முகத்துல ஒண்ணுமே மாறல. கோபம் இல்ல, பயம் இல்ல, கத்தல. சண்டைக்கு முன்னாடி எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கா, கண்ணு மட்டும் எதிராளிய விட்டு நகரல.

அந்தக் கண்ணுதான் யாங்கா நடிச்ச ஷூ ஃபெங். என் அண்ணன் மக சிலம்பம் கத்துக்கிறா, அவளோட உக்காந்துதான் பாத்தேன். நான் வாளப் பாத்துக்கிட்டு இருக்கேன், அவ "அத்தை, வாள விடுங்க, காலப் பாருங்க, அடி வைக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு அங்க போயிருது"ன்னா. ரிமோட்ல நிறுத்தி நிறுத்தி மறுபடி போட்டுப் பாத்தோம், உண்மைதான், தல திரும்பும், அப்புறம் தோளு, அப்புறம்தான் காலு. வாத்தியார் இதத்தான் தினமும் திட்டித் திட்டிச் சொல்லிக் குடுக்குறாராம்.

மூங்கில் காட்டுச் சண்டையத்தான் எல்லாரும் பேசுவாங்க, பேசட்டும், தகும். பத்து நிமிஷக் காட்சி, எடுக்க 25 நாள் ஆச்சுன்னு சொல்வாங்க. பச்சை வெளிச்சம் மூங்கிலுக்கு நடுவுல கத்தி கத்தியா இறங்குது, யாங் மூங்கில் உச்சிக்குப் போயி அங்க இருந்து தல கீழா நேரா எதிரி மேல பாயுறா. கிங் ஹூ இத எப்படிச் செஞ்சாருன்னா, குதிக்கிறத ஒரே ஷாட்டுல முழுசா காட்ட மாட்டாரு, ஒரு கண்ணு சிமிட்டுற நேரத்துக்குள்ள முடிஞ்சுபோற துண்டு துண்டு ஷாட்டா வெட்டி ஒட்டிருப்பாரு, மேல ஏறுறது ஒண்ணு, இலை ஒண்ணு, பாயுறது ஒண்ணு, விழுந்தவன் மூஞ்சி ஒண்ணு. நம்ம கண்ணால அவளப் பிடிக்க முடியாத அளவுக்கு அவ வேகம்னு நமக்குத் தோணும். சண்டை அமைச்சது ஹான் யிங்-சியே, பாட்டும் சண்டையும் கலந்த சீன மேடை நாடகமான பீஜிங் ஆபரால வளந்த மனுஷன், படத்தோட கடைசிப் பகுதியில பெரிய வில்லனா வர்றதும் அவருதான். அந்த ஆபரா மேடையில ஆயுதம் ஏந்துற பொம்பளை வேஷத்துக்குன்னே தனி மரபு உண்டு, தாளம் அடிச்சதும் நின்னு ஒரு பார்வை பாக்குறது அதுல இருந்து வந்ததுதான். 1975ல பிரான்ஸ்ல நடந்த கான் சினிமா விழாவுல படத்துக்கு டெக்னிக்கல் கிராண்ட் ப்ரைஸ் குடுத்தாங்க.

பிக்சர் குவாலிட்டிக்கு வர்றேன். முன்னாடி நெட்ல கிடைக்கிற காப்பியிலதான் இந்தப் படத்தப் பாத்திருந்தேன், ராத்திரிக் காட்சி எல்லாம் கரி அப்புன மாதிரி இருக்கும், யாரு யார வெட்டுறாங்கன்னே தெரியாது. படத்துல பாதி ராத்திரிதான், அதனால இது பெரிய குறை. இந்த டிஸ்க்ல 4கே ரெஸ்டோரேஷன், அதாவது பழைய பிலிமத் துல்லியமா ஸ்கேன் பண்ணி சுத்தம் பண்ணிருக்காங்க, இருட்டு இருட்டாவே இருக்கு ஆனா அதுக்குள்ள கோரைப்புல்லு தனித்தனியா தெரியுது, நிலா வெளிச்சத்துல யாங் உக்காந்து வாத்தியம் வாசிச்சுப் பாடுற இடத்துல அவ முகத்துல ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழுறது தெரியுது. கோட்டையில பேய் வேஷம் போட்டு எதிரிகள மடக்குற பெரிய ராத்திரிச் சண்டை இப்பத்தான் எனக்கு முழுசா புரிஞ்சது. சத்தம் அந்தக்கால ஒத்தை சேனல் மோனோதான், கூட்டிக் குறைச்சு ஜிகினா வேலை எதுவும் பண்ணாம விட்டது நல்லது.

சப்டைட்டில் இங்கிலீஷ் மட்டும்தான். அம்மாவுக்கு நான் வரிக்கு வரி தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன், சண்டையில அதுவும் தேவைப்படல. (இனி வர்றது கதையோட பின்பாதி, பாக்காதவங்க அடுத்த பாராவுக்குப் போயிருங்க.) யாங் பிள்ளையப் பெத்து அந்த மனுஷன் கையில சேர்த்துட்டு மடத்துக்குப் போயி துறவியாயிருவா. எங்கம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நம்ம தடாதகை எட்டுத் திக்கையும் ஜெயிச்சுட்டு கைலாசத்துல சொக்கரைப் பாத்ததும் சண்டை நின்னுபோச்சு, மறுநா கல்யாணம், இவளுக்கு அப்படி நிக்கலையே"ன்னாங்க. வருஷா வருஷம் சித்திரைத் திருவிழால பட்டாபிஷேகம் முடிஞ்சு திக்விஜயம் அன்னைக்கு மாசி வீதியில அம்மன் சண்டைக்குக் கிளம்புறதக் கும்பிட்ட அம்மாவுக்கு வாள் எடுத்த பொண்ணு ஒண்ணும் புதுசில்ல, கல்யாணத்துல முடியாத கதைதான் புதுசு. இந்தக் கதையோட மூலம் பூ சுங்லிங் எழுதுனது, அவரு 1715ல செத்துப்போனவரு. அந்தக் காலத்துலயே ஒருத்தரு இப்படி ஒரு பொண்ண யோசிச்சிருக்காருன்னு நெனச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

வாள் எடுத்த பொண்ணுங்க சீன சினிமாவுல திடீர்னு முளைச்சவங்க இல்ல. 1929லயே ரெட் ஹீரோயின்னு பேசாத படம் வந்துருச்சு. இதே கிங் ஹூ 1966ல ஹாங்காங் ஸ்டுடியோ ஷா பிரதர்ஸ்க்கு எடுத்த கம் ட்ரிங்க் வித் மீல செங் பெய்-பெய் ஆம்பளை வேஷத்துல சத்திரத்துல வந்து உக்காந்து, சுத்தி நிக்கிற கொள்ளைக்காரய்ங்கள அலட்டிக்காம சமாளிப்பாங்க, பாலே டான்ஸ் கத்த பொண்ணு, அந்த உடம்பு வாகு அப்படியே தெரியும். ஆனா மறு வருஷமே ஒன் ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன் வசூல அள்ளி ஆம்பளை ஹீரோ அலை கிளம்பிருச்சு, 1968ல அதே செங் பெய்-பெய் பாத்திரத்தப் பேரா வச்சு வந்த கோல்டன் ஸ்வாலோல கூட ஜிம்மி வாங் யூ தான் படத்தத் தூக்கிட்டுப் போயிருவாரு, எனக்கு இன்னைக்கும் அது ஆறல. எண்டர் தி டிராகன்ல புரூஸ் லீ தங்கச்சியா வர்ற ஏஞ்சலா மாவோவ நம்ம ஊர்ல எல்லாரும் பாத்திருப்போம், பேரு எத்தன பேருக்குத் தெரியும்? அவங்க ஹீரோயினா நடிச்ச ஹாப்கிடோவ 1972லயே பண்ணிட்டாங்க, தேடிப் பாருங்க.

டிஸ்க்ல குறைன்னு பாத்தா எக்ஸ்ட்ராஸ்தான். கிங் ஹூ பத்தி ஒரு டாக்குமெண்டரி, க்ரௌச்சிங் டைகர் டைரக்டர் ஆங் லீ பேட்டி, சினிமா விமர்சகர் டோனி ரெய்ன்ஸ் பேட்டி, ஹீரோ ஷி சுன் பேட்டி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆங் லீ பேசுறதக் கேட்டா அவரு படத்து மூங்கில் காடு எங்க இருந்து வந்துச்சுன்னு வெளங்கும். ஆனா தனியா பேட்டி குடுத்தவங்கள்ல ஷூ ஃபெங் தவிர மத்த எல்லாரும் ஆம்பளைங்க. அவங்க பேட்டி எனக்குப் பத்தவே இல்ல, பின்னாடி தயாரிப்பாளரா மாறி 1993ல கான்ல பெரிய விருது வாங்குன ஃபேர்வெல் மை கன்குபைன எடுத்தவங்க அவங்க, மணிக்கணக்கா பேச விட்ருக்கலாம். கூட வர்ற புக்லெட்ல சினிமா ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கட்டுரைய மட்டும் விட்றாதீங்க, அந்தத் துண்டு ஷாட்டு விஷயத்த அவரு அளவுக்கு யாரும் பாத்துச் சொன்னதில்ல.

மொத்தமா ஒரே மூச்சுல பாக்க முடியலைன்னா கோட்டைச் சண்டை முடிஞ்ச காலையில நிறுத்திக்கோங்க, அந்த இடத்துல கதையே ஒரு மூச்சு விடும், மிச்சத்த மறுநாள் பாருங்க. வீட்ல பொம்பளப் பிள்ளைங்க இருந்தா கூட உக்கார வைங்க, கொஞ்சம் ரத்தம் இருக்கு, பத்து பன்னெண்டு வயசுக்கு மேலன்னா பரவால்ல. எங்க வீட்டுச் சிலம்பக்காரி அடுத்து கேட்டு வச்சிருக்கது 1981ல வந்த மை யங் ஆன்ட்டி, காரா ஹுய்க்கு முதல் ஹாங்காங் ஃபிலிம் அவார்ட்ஸ்ல சிறந்த நடிகை குடுத்த படம். அது ஆரோங்கற இங்கிலாந்து டிஸ்க் கம்பெனி ஷா பிரதர்ஸ் படங்களச் சேர்த்துப் போட்ட ஷாஸ்கோப் ரெண்டாவது பெட்டிக்குள்ள 14 படத்துல ஒண்ணா இருக்கு, காசு சேர்த்துக்கிட்டு இருக்கோம்.